புள்ளைக்கு நடை தள்ளாடுது, அடிக்கடி விழுது: உள்காதை எப்போ சந்தேகப்படறது?

#1 கீழ்பவானி_செவிலி

வணக்கமுங்க. தடுப்பூசி நாள்லயும் அங்கன்வாடியிலயும் அம்மாக்கள் கேக்கறதை ஒட்டுக்கா இங்க போடறேன்.

ஒண்ணரை வயசாகியும் கையை விட்டு நடக்காத புள்ளைங்க ஒரு வகை. நல்லா ஓடிட்டு இருந்துட்டு, சளி காய்ச்சலுக்குப் பொறவு தள்ளாடறது இன்னொரு வகை. அப்புறம் ஒண்ணு இருக்குது: வெளையாடிட்டே இருக்கற புள்ள திடீர்னு வெளுத்துப் போயி அம்மா காலை இறுக்கிக் கட்டிக்கும், இல்லைன்னா தரையோட படுத்துக்கும். சித்த நேரத்துல எந்திரிச்சுப் பழையபடி ஓடும். இதுக்கு எல்லா ஊர்லயும் மந்திரிச்சுக் கயிறுதான் கட்டறாங்க.

யாரை உடனே அனுப்பறது, யாரைக் காத்திருக்கச் சொல்றது? உள்காது, உள்காதுன்னு பேசறாங்களே, அது இதுல எவ்வளவு தூரம் உண்மைங்க?

#2 கோவை_காதுமருத்துவர்

கடைசி வகையிலிருந்து வருகிறேன், ஏனென்றால் அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம்.

மூன்று வயதுக் குழந்தைக்குத் தலைசுற்றல் என்று சொல்லத் தெரியாது. அது செய்து காட்டும்: எதையாவது பிடித்துக்கொள்ளும், நடக்க மறுக்கும், வெளுக்கும், வியர்க்கும், சில சமயம் வாந்தி எடுக்கும், கண்மணி துடிக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் தொடங்கி, தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருந்து, சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தானே அடங்கிவிடும். நினைவு தப்பாது. இடைப்பட்ட நாட்களில் காது கேட்பதும் நரம்புப் பரிசோதனையும் முழுக்க இயல்பாக இருக்கும். இப்படி ஐந்து தடவையாவது வந்திருந்தால் அது பெரும்பாலும் குழந்தைப் பருவத் தீங்கற்ற தலைசுற்றல். ஒற்றைத் தலைவலி இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கி, சில ஆண்டுகளில் மறையும். அம்மாவுக்கோ அம்மாயிக்கோ ஒற்றைத் தலைவலி உண்டா என்று கேட்டால் பல வீடுகளில் "ஆமாங்க" என்பார்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தலைவலியாகவே வரும்.

செவிலியர் செய்ய வேண்டியது ஒன்று. அடுத்த முறை வரும்போது போனில் அரை நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகம் முழுக்கத் தெரிய, கண் திறந்திருக்க, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். கண்மணி துடிக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்ற இரண்டும் அதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கூப்பிடக் கூப்பிட வெறித்துப் பார்த்தால் அது வலிப்பாக இருக்கலாம். ஓடும்போதோ பயந்தபோதோ மயங்கி விழுந்தால் இதயம், முதலில் ஈசிஜி. பிறவியிலேயே காது கேளாத குழந்தை அப்படி மயங்கினால் ஈசிஜியைத் தள்ளிப் போடவே கூடாது. காதுகேளாமையும் ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறும் சேர்ந்தே வரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு.

#3 காங்கேயம்_பிசியோ

ஏனுங்க டாக்டர், உறுப்பு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லாம விட்டுட்டீங்க. நான் சுருக்கமா போடறேன்.

உள்காதுல கேக்கறதுக்கு நத்தைச்சுருள். அதோட ஒட்டியே சமநிலைக்கு அஞ்சு பாகம். மூணு அரைவட்டக் குழாய், ஒண்ணுக்கொண்ணு ஏறக்குறைய செங்குத்தா, தலை திரும்பறதைக் கண்டுபிடிக்க. மிச்சம் ரெண்டு சின்னப் பை: யுட்ரிகிள், சாக்யூல். அதுங்க மேல கால்சியம் கார்பனேட் துகள் படிஞ்சிருக்கும். தலை சாஞ்சாலோ, வண்டி முன்னால பாஞ்சாலோ, லிஃப்ட் மேல போனாலோ அந்தத் துகளோட கனத்துல கீழ இருக்கற மயிர்ச்செல் வளையும். சேதி நரம்பு வழியா மூளைக்குப் போகும்.

அங்கிருந்து ரெண்டு பக்கம் வேலை போகுது. ஒண்ணு கண்ணுக்கு: தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணை எதிர்ப்பக்கம் அதே அளவுக்குத் திருப்பி, பாக்கற பொருள் ஆடாம வெச்சிருக்கும். இன்னொண்ணு கழுத்து, முதுகு, கால் தசைக்கு. அதனாலதான் ரெண்டு பக்கமும் பழுதான கைக்குழந்தைக்குக் கழுத்து நிக்கறதே தள்ளிப் போகும். பொறவு உக்கார்றது, பொறவு நடை, எல்லாமே வரிசையா பின்தங்கும்.

கணக்குக்கு: உலக சுகாதார நிறுவனத்தோட அளவுல பிடிமானம் இல்லாம உக்கார்றதுக்குக் கடைசி எல்லை 9.2 மாசம், தனியா நடக்கறதுக்கு 17.6 மாசம். 18 மாசம் முடிஞ்சும் நடக்கலைன்னா காரணம் தேடணும். "அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்"னு அப்பத்தா சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா புள்ளையைச் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் அப்படி முடிவு செய்யணும்.

#4 திருப்பூர்_குழந்தைநலம்

இழை உள்காதுப் பக்கமே சாய்கிறது. கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன்.

தாமதமாக நடக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காதில் ஒன்றுமில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்து நகரும் குழந்தைகள் இயல்பாகவே தாமதமாக எழுந்து நிற்கும். மணிக்கட்டு தடித்து, கால் வளைந்திருந்தால் வைட்டமின் டி, கால்சியம் குறைவு. பையன், 18 மாதத்தில் நடக்கவில்லை, கெண்டைக்கால் தடிப்பாக இருக்கிறது என்றால் சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) பரிசோதனை எழுதுங்கள். தசைநோயை நான்கு வயது வரை கண்டுபிடிக்காமல் விடுவது இப்படித்தான். உடல் விறைப்பு, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது, பேச்சும் சேர்ந்து பின்தங்குவது எல்லாம் மூளை சார்ந்தவை.

காதைச் சந்தேகிக்க ஒரு கூட்டு வேண்டும். நடை தாமதம், கூடவே காது கேட்பதில் குறை. இந்த இரண்டும் சேர்ந்தால் நானும் உள்காது என்றுதான் சொல்வேன்.

#5 பெருந்துறை_ஆடியோ

#4 சொன்ன கூட்டை அப்படியே திருப்பியும் போடுங்க. கடுமையான காதுகேளாமைன்னு தெரிஞ்ச எல்லாக் குழந்தைக்கும் சமநிலையையும் பாத்தே ஆகணும். ரெண்டு உறுப்பும் ஒரே எலும்புக்குள்ள, ஒரே திரவத்துல இருக்குது. ஒண்ணைக் கெடுக்கறது இன்னொண்ணையும் பல சமயம் கெடுக்கும். ஆனா நடைமுறையில காதுக்கு மிஷின் வெச்சு அனுப்பிடறோம், நடை தள்ளாடறதைச் "சத்து பத்தலை"ன்னு விட்டுடறோம்.

"பொறந்தப்பவே காது டெஸ்ட் பாஸுங்க"ன்னு அம்மாக்கள் சொல்றதையும் பாத்து எடுத்துக்கணும். ஓ.ஏ.இ.ங்கற அந்த டெஸ்ட் நத்தைச்சுருள்ல இருக்கற வெளி மயிர்ச்செல்லை மட்டும்தான் சோதிக்குது. சமநிலை உறுப்பைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதுமட்டுமில்லாம, கர்ப்பத்துல வந்த சைட்டோமெகலோ வைரஸ், உள்காதுக் கால்வாய் அகலமா இருக்கறது, ரெண்டுலயும் பொறந்தப்போ நல்லா கேட்டுட்டுப் பின்னால குறையும். கால்வாய் அகலமா இருக்கற குழந்தைக்குத் தலையில லேசா அடிபட்டாலே கேக்கறது சட்டுனு எறங்கி, சுத்தலும் வரும்.

குறிச்சு வெச்சுக் கேக்க வேண்டியது:

பச்சக்குழந்தைப் பிரிவுல எத்தனை நாள், என்ன ஊசி? ஜென்டாமைசின் சமநிலைப் பக்கத்தை அதிகம் தாக்கும், அமிக்காசின் கேக்கற பக்கத்தை. அதனால ஜென்டாமைசின் போட்ட குழந்தைக்குக் காது நல்லா கேட்டும் நடை மட்டும் கெட்டிருக்கலாம். தாய்வழிச் சொந்தத்துல யாருக்காவது ஊசிக்குப் பொறவு காது போயிருந்தா அதையும் எழுதுங்க. ஒரு டோசுக்கே காது போகற மரபணு மாற்றம் ஒண்ணு தாய் வழியாத்தான் வருது.

மூளைக்காய்ச்சல் வந்துச்சா? பாக்டீரியா மூளைக்காய்ச்சல்னா வீடு திரும்பி நாலு வாரத்துக்குள்ள காது கேக்கற சோதனை முடிஞ்சிருக்கணும். உள்காதுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைக்கறது சில வாரத்துலயே தொடங்கும். அடைச்சுட்டா, காது கேக்கறதுக்கு அறுவை செஞ்சு வெக்கற காக்லியர் கருவியோட கம்பி உள்ள போகாது.

முறைப் பொண்ணு, அக்கா மகள் கட்டினதா? எங்க பக்கம் இதைக் கேட்டா மூஞ்சி சுளிப்பாங்க, கேட்டுத்தான் ஆகணும். பிறவிக் காதுகேளாமை, 18 மாசத்துக்குப் பொறவு நடை, கூடவே பள்ளிக்கூட வயசுல பொழுது சாஞ்சா கண்ணு தெரியறதில்லை. இந்த மூணும் சேர்ந்தா அஷர் நோய், முதல் வகை.

#6 கீழ்பவானி_செவிலி

அங்கதான் சந்தேகமுங்க. சமநிலை போன புள்ளயும் இருட்டுல விழும், மாலைக்கண் புள்ளயும் இருட்டுல விழும். எப்படிப் பிரிக்கறது?

#7 பெருந்துறை_ஆடியோ

உக்கார வெச்சுப் பாருங்க. மங்கலான அறையில சம்மணம் போட்டு உக்கார வெச்சு, பத்து நிமிஷம் கண்ணு பழகட்டும். சுத்தி ரெண்டு மூணு பொம்மை போட்டு எடுக்கச் சொல்லுங்க. சமநிலை மட்டும் போன குழந்தை உக்காந்தபடி எல்லாத்தையும் சரியா எடுக்கும், எந்திரிச்சு நடந்தாத்தான் தடுமாறும். மாலைக்கண் குழந்தை உக்காந்தே தடவும். அஷர்ல ரெண்டும் இருக்கலாம். உறுதி செய்யறது விழித்திரை மின்சோதனையும் மரபணுச் சோதனையும். சின்ன வயசுல கண் டாக்டர் சும்மா பாத்தா விழித்திரை நல்லாவே தெரியும், அதை நம்பிட வேண்டாம்.

#8 தாராபுரம்_சிறப்பாசிரியர்

பள்ளியிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது உண்டா? கருவி எதுவும் கிடையாது.

#9 காங்கேயம்_பிசியோ

நாலு வயசுக்கு மேல உண்டு. சமநிலைக்கு மூளை மூணு இடத்துல இருந்து சேதி வாங்குது: கண், பாதம்-மூட்டு, உள்காது. முதல் ரெண்டையும் எடுத்துட்டா மிச்சம் உள்காது மட்டும்.

நாலு அங்குல ஸ்பாஞ்ச், ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி. பொள்ளாச்சிக்காரங்க கோவிச்சுக்காதீங்க, தென்னை நார் மெத்தை இதுக்கு ஒதவாது, நெம்ப கெட்டி. செருப்பில்லாம ஏத்தி நிக்க வெச்சு, கை கட்டச் சொல்லி, "சாமி கும்பிடற மாதிரி கண்ணை மூடு கண்ணு"ன்னு சொல்லுங்க. மொதல்ல வெறுந்தரையில கண் திறந்து, அடுத்து தரையில கண் மூடி, அப்புறம் ஸ்பாஞ்ச்ல கண் திறந்து, கடைசியா ஸ்பாஞ்ச்ல கண் மூடி. முதல் மூணுல நின்னுட்டு நாலாவதுல உடனே சாஞ்சா உள்காதுப் பக்கம் பாக்கணும். வெறுந்தரையில கண் திறந்தே ஆடினா அது வேற. சிறுமூளையா, தசையான்னு தேடணும். பின்னால ஒரு ஆள் கையை விரிச்சு நிக்காம இதைச் செய்யவே கூடாது.

அஞ்சு வயசுக்கு மேல ஒத்தைக் கால்ல, கண் மூடி. நாலு நொடி தாங்கலைன்னா, அதுவும் காது கேக்காத புள்ளைன்னா, அனுப்பிடுங்க. கண் திறந்து நிக்கறதுக்கு நாலு வயசுல அஞ்சு நொடி, அஞ்சு வயசுல பத்து நொடி தோராயம். ரெண்டு காலுக்கும் மூணு மூணு வாய்ப்பு கொடுத்து, நல்லா வந்ததை எழுதுங்க. புள்ளைங்க முதல் தடவை சிரிச்சே விழுந்துடும்.

தலையைச் சட்டுனு திருப்பிக் கண்ணைப் பாக்கற சோதனை நல்ல சோதனை. பொம்மையைப் பாக்கச் சொல்லி, தலையைப் பத்துப் பதினஞ்சு டிகிரி வேகமா திருப்பினா கண்ணு பொம்மை மேலயே நிக்கணும். தலையோட போயிட்டுத் திரும்பத் தாவி வந்தா அந்தப் பக்கக் குழாய் வேலை செய்யலை. ஆனா இது பள்ளிக்கூடத்துல வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் புள்ளைங்களுக்குக் கழுத்தெலும்பு தளர்ந்திருக்கலாம். தெரிஞ்சவங்க கையில இருக்கட்டும்.

#10 கோவை_காதுமருத்துவர்

மருத்துவமனைச் சோதனைகளையும் சொல்லிவிடுகிறேன். தசையில் ஒட்டும் மின்முனைகளை வைத்துச் சத்தம் கொடுத்து சாக்யூலைப் பார்க்கும் வெம்ப் சோதனையைச் சில மாதக் குழந்தைக்கே செய்யலாம். கேமரா வைத்துத் தலைத்திருப்பல் சோதனை மூன்று வயதை ஒட்டி ஒத்துழைப்பார்கள். காதில் 30, 44 டிகிரி நீர் விட்டுச் செய்யும் சோதனை ஐந்தாறு வயதுக்குக் கீழே பெரும்பாலும் நடக்காது, அழுகைதான் மிஞ்சும். ஒரே சோதனை இயல்பு என்று வந்தால் முழு உறுப்பும் இயல்பு என்று பொருளில்லை. குழாய் கெட்டுப் பை நன்றாக இருக்கலாம்.

இனி இரண்டாவது வகை, சளிக்குப் பிறகு தள்ளாட்டம். மிக அதிகம் காணப்படுவது செவிப்பறைக்குப் பின்னால் தங்கும் நீர். காது வலிக்காது, சீழ் வராது. டிவி சத்தம் கூட்டி வைப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, அடிக்கடி இடறி விழுவது, இவ்வளவுதான் தெரியும். செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் கோடு தட்டையாக வரும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடியும். சளி மாத்திரை, ஒவ்வாமை மருந்து, மூக்குச் சொட்டு எதுவும் அதை வேகப்படுத்தாது. பாட்டில் பாட்டிலாக எழுதிக் கொடுக்கிறோம் என்பது வேறு கதை. மூன்று மாதம் கழித்தும் இரு காதிலும் நீர் இருந்து கேட்கும் திறனும் குறைந்திருந்தால், செவிப்பறையில் வைக்கும் குரோமெட் என்ற சிறு குழாயைப் பற்றிப் பேச வேண்டும்; அது ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் தானே விழுந்துவிடும். நீர் வடிந்ததும் பல குழந்தைகளின் தடுமாற்றமும் குறைகிறது.

சின்னம்மைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் குடித்தவன் போலத் தள்ளாடினால் அது காதல்ல, சிறுமூளை அழற்சி. பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் மருத்துவர் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும்.

#11 வெள்ளகோவில்_வாசகி

சுத்தலுக்கு மெடிக்கல்ல கேட்டா ஒரு மாத்திரை தர்றாங்க. பெரியவங்க சாப்பிடற அதே மாத்திரைல கால்வாசி. காதுல வெதுவெதுப்பா நல்லெண்ணெய் விடறதும் வழக்கம். ரெண்டும் சரிதானுங்களா?

#12 கோவை_காதுமருத்துவர்

இரண்டும் வேண்டாம்.

புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் குழந்தைகளுக்குக் கழுத்து முறுக்கி, கண் மேலே சொருகி, நாக்கு வெளியே தள்ளும் எதிர்வினையைத் தரலாம். பீட்டாஹிஸ்டின் 18 வயதுக்குக் கீழே பரிந்துரைக்கப்படுவதில்லை. சினரிசின் போன்றவை ஓரிரு நாள் வாந்தியை அடக்க மருத்துவர் தரலாம், அதற்கு மேல் கெடுதல். ஒரு பக்க உள்காது பழுதானால் மறுபக்கத்தைக் கொண்டு மூளை சில வாரங்களில் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தவறு நடக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தால்தான் அது திருத்தும். மாத்திரை அந்தத் தகவலையே மழுங்கடிக்கிறது.

எண்ணெய் விஷயம்: செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். உடல் சூட்டைவிடக் குளிர்ந்தோ கூடியோ இருந்தால் அரைவட்டக் குழாய்க்குள் திரவம் ஓட்டமெடுத்துத் தலை சுற்றும். காதைக் கழுவும்போது நீரின் சூட்டுக்கேற்பக் கண்மணி துடிக்கும் திசை மாறுவதைக் கவனித்து ராபர்ட் பாரனி இதை விளக்கினார். சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். மருத்துவர் எழுதிய சொட்டு மருந்தாக இருந்தாலும் பாட்டிலைச் சில நிமிடம் கைக்குள் மூடி வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் விட வேண்டும்.

யூடியூப் பார்த்துத் தலையைத் திருப்பித் திருப்பிக் குழந்தையைப் படுக்க வைப்பதும் வேண்டாம். துகள் நகர்ந்து வரும் சுற்றல் சிறு குழந்தைகளுக்கு அரிது. வந்தால் பெரும்பாலும் தலையில் அடிபட்ட பிறகு.

#13 ஆழியாறு_அண்ணன்

வால்பாறை ரோட்ல நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு புள்ள ஆறாவது வளைவுலயே வாந்தி, இன்னொண்ணு மேல வரைக்கும் முறுக்கு தின்னுட்டே வருது. முதல் புள்ளைக்குத்தான் உள்காது வீக்குனு சொல்லலாமா?

#14 காங்கேயம்_பிசியோ

நேர் எதிர்ங்க அண்ணா. உள்காது வேலை செஞ்சாத்தான் வண்டி வாந்தியே வரும். கண்ணு சீட்டைப் பாத்து "நகரலை"ங்குது, உள்காது "வளையுது"ங்குது, அந்தச் சண்டைதான் வாந்தி. ரெண்டு வயசுக்குக் கீழ அரிது, அதுக்கு மேல பன்னண்டு வயசு வரைக்கும் அதிகம். ரெண்டு பக்கமும் உள்காது செத்த புள்ளைக்கு எத்தனை வளைவு போனாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்காக முறுக்கு தின்னற புள்ளையைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், பெரும்பாலும் அது நல்ல புள்ளதான்.

இதை வெச்சே இன்னொண்ணு. சில தெரபி மையத்துல எல்லாப் புள்ளையையும் சுழல் ஊஞ்சல்ல வெச்சு முப்பது சுத்து சுத்தி விடறாங்க. ரெண்டு பக்கமும் போன புள்ளைக்கு அது வெறும் காத்து. தலை சுத்தவே சுத்தாது, பயிற்சியும் ஆகாது. சோதனை செய்யாம ஊஞ்சல்ல ஏத்தறது காசு பிடுங்கற வேலை.

#15 தாராபுரம்_சிறப்பாசிரியர்

பயிற்சி எதைக் கொடுக்கலாம்?

#16 காங்கேயம்_பிசியோ

கண்ணுக்கு: அஞ்சு வயசுக்கு மேல. கண் மட்டத்துல செவுத்துல ஒரு சின்னப் படம், கை நீள தூரத்துல புள்ள. படத்துல இருந்து கண்ணை எடுக்காம தலையை இடது வலதா "இல்லை"ங்கற மாதிரி ஆட்டணும். படம் கலங்காத வேகம்தான் சரியான வேகம். இருபது நொடில தொடங்கி ஒரு நிமிஷம் வரைக்கும் ஏத்துங்க, நாளைக்கு மூணு தடவை. பொறவு "ஆமா"ங்கற மாதிரி மேல கீழ. ஒரே படம்னா ரெண்டாம் நாளே சலிச்சுடும், தினம் மாத்துங்க.

அதைவிடச் சின்னதுங்களுக்குத் தூரி (ஊஞ்சல்). ஆடிக்குக் கட்டற தூரி மாதிரி உசரம் வேண்டாம், கால் தரையில தொடற அளவு. ஆடிட்டே எதிர்ல நீங்க காட்டற அட்டையில இருக்கற படத்தோட பேரைச் சொல்லணும்.

உடம்புக்கு: ஸ்பாஞ்ச் மேல நின்னு பந்து பிடிக்கறது, பாண்டி ஆட்டம், பகல்ல வெறுங்காலோட வரப்பு மேல நடக்கறது. ஒரு பக்கம் மட்டும் பழுதுன்னா சில வாரத்துல வித்தியாசம் தெரியும். ரெண்டு பக்கமும்னா உறுப்பு திரும்பாது. கண்ணும் பாதமும் அந்த வேலையைக் கத்துக்கும், மாசக்கணக்குல ஆகும். வட்ட வாக்கர்ல உக்கார வெச்சு ஓட்டறது எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். மரத்துல செஞ்ச தள்ளு நடைவண்டி பரவால்ல, சக்கரம் வேகமா ஓடாதபடி மேல ஒரு கனம் வெச்சுக் கொடுங்க.

#17 பெருந்துறை_ஆடியோ

தண்ணியைப் பத்தி யாரும் சொல்லலை. நம்ம பக்கத்துல இதுதான் உயிர் போற விஷயம்.

ரெண்டு பக்கமும் சமநிலை போன குழந்தை தண்ணிக்குள்ள முங்கினா, மேல எது கீழ எதுன்னு தெரியாது. உடம்பு மிதக்கறதால பாதத்துல கனம் தெரியறதில்லை, கலங்கின தண்ணில கண்ணும் ஒதவாது. நீச்சல் தெரிஞ்சாலும் மேல வர்றதா நெனைச்சுக் கீழ போகும். நம்ம ஊர்ல கிணத்து மேட்டுல இருந்து குதிச்சுத்தான் நீச்சல் பழக்கம், முதுகுல சொரப்புருடை (மிதக்கறதுக்குக் காஞ்ச சுரைக்காய்க் கூடு) கட்டி. இந்தக் குழந்தைங்களுக்கு அது கூடவே கூடாது. கீழ்பவானி, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு), காலிங்கராயன், எந்த வாய்க்காலும் அப்படியே. தெளிஞ்ச, நெஞ்சளவு தண்ணில, கையெட்டற தூரத்துல பெரியவங்க இருக்க, மிதவைச் சட்டையோட விளையாடலாம். குதிக்கறது, முங்கறது, ராத்திரி குளிக்கறது வேண்டாம்.

காக்லியர் மிஷின் வெச்சுட்டாச்சு, இனி பயமில்லைங்கறவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன். அது கேக்கறதுக்கான கருவி. குளிக்கும்போது வெளிப்பாகத்தைக் கழட்டிட்டா, கரையில இருந்து கத்தறதும் கேக்காது.

வீட்டுல பொடக்காலிக்கும் கழிவறைக்கும் போற வழியில ராத்திரி விளக்கு எரியட்டும். மின்வெட்டுக்குப் புள்ளை கையில ஒரு சின்ன டார்ச்.

#18 திருப்பூர்_குழந்தைநலம்

அருமை. செவிலியருக்காக, காத்திருக்கக் கூடாதவை: காலையில் எழுந்ததும் வாந்தியும் தலைவலியும், புதிதாகக் கழுத்தைச் சாய்த்தே வைத்திருப்பது, நாளுக்கு நாள் கூடும் தள்ளாட்டம், புதிய மாறுகண். மூளையின் பின்பகுதிக் கட்டி இப்படித்தான் வரும், அன்றே எம்.ஆர்.ஐ. உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். கண் நாலாபக்கமும் தாறுமாறாகத் துள்ளி, கை காலும் வெட்டினால் வயிற்றிலோ மார்பிலோ நரம்புக்கட்டி தேட வேண்டும். திடீர்த் தள்ளாட்டமும் தூக்கக் கலக்கமும் என்றால் வீட்டில் யாருடைய வலிப்பு மாத்திரையோ சளி மருந்தோ எடுத்து விழுங்கியதா என்று கேளுங்கள். அட்டையில் மாத்திரையை எண்ணிப் பாருங்கள், அட்டையையும் கூடவே அனுப்புங்கள்.

#19 கீழ்பவானி_செவிலி

நல்லதுங்க. மத்ததுங்களை எங்க அனுப்பறதுன்னும் சொல்லிடுங்க.

#20 பெருந்துறை_ஆடியோ

முதல்ல மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். குழந்தை மருத்துவர், பிசியோ, ஆடியாலஜி ஒரே இடத்துல கெடைக்கும். பெரா (சத்தம் கொடுத்து, சேதி நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பாக்கற சோதனை), டிம்பனோமெட்ரிக்குக் கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி. சமநிலைக்கான முழுச் சோதனைக்கு மைசூர்ல இருக்கற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம். சத்தியமங்கலத்துல இருந்து திம்பம் ஏறி சாம்ராஜ்நகர் வழியாப் போகலாம். மலைப்பாதையில ராத்திரி வாகனத் தடை இருக்குது, நேரம் விசாரிச்சுட்டுக் கெளம்பச் சொல்லுங்க.

காக்லியர் அறுவைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இருக்கணும். ரெண்டு காதுல ஒண்ணுக்கு மட்டும் வெக்கறதா இருந்தா, அதுக்கு முன்னாலயே சமநிலைச் சோதனை முடிச்சுடுங்க. அறுவை செய்யற பக்கத்துல இருக்கற கொஞ்சநஞ்ச சமநிலையும் சில சமயம் போயிடும். மத்ததெல்லாம் சமமா இருந்தா, சமநிலை ஏற்கெனவே மோசமா இருக்கற காதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேக்கலாம்.

கையில கொடுத்தனுப்ப வேண்டியது: பொறந்தப்போ தந்த டிஸ்சார்ஜ் சீட்டு (ஊசிப் பேரு அதுலதான் இருக்கும்), தடுப்பூசி அட்டை, காப்பீட்டு அட்டை, அந்த அரை நிமிஷ வீடியோ.